அந்த ஹம்மிங் என்னோடது

இங்க ஆள் வருதுங்க. பின்னாடி பாருங்க, நிறைய இடம் கிடக்கு. ஆமாங்க, பையை வெச்சுத்தான் இடம் பிடிச்சிருக்கேன், திண்டிவனத்துல ஏறுவாங்க. டிக்கெட் ரெண்டுக்கும் எடுத்தாச்சு, கண்டக்டரைக் கேட்டுக்குங்க.

ஐயோ, உங்களைச் சொல்லலைக்கா. நீங்க ஜன்னலோரமா நல்லா சாஞ்சு உக்காருங்க. நான் நடுவுல இருந்துக்கறேன். இந்த ஓர சீட்டை மட்டும் யாருக்கும் விடக் கூடாது, அவ்வளவுதான்.

அக்கா, ஒரு நிமிஷம் பேசாம இருங்க. டிரைவர் போட்டிருக்காரே, இந்தப் பாட்டு. இப்ப வரும் பாருங்க. இதோ. கேட்டீங்களா? முடியறப்ப தொண்டை அடைச்ச மாதிரி ஒரு இடத்துல நின்னு, அப்புறம் மெல்ல இறங்குதே, அந்த ஹம்மிங். அந்த ஹம்மிங் என்னோடது.

சிரிக்காதீங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. பாட்டு முழுக்க நிரஞ்சனா பாடினதுதான், நான் இல்லைங்கலை. ஹம்மிங் மட்டும் நான். யூடியூப்ல போய்ப் பாத்தீங்கன்னா அவ பேரு மட்டும்தான் இருக்கும். என் பேரு ஜெசிந்தா. அந்தப் பாட்டுக்குக் கீழ தேடினாலும் கிடைக்காது.

அவளை உங்களுக்குத் தெரியுமே. டிவியில ‘பாட்டுப் பந்தயம்’ வந்துச்சே, அதுல முதல் பரிசு வாங்கினவ. ரெண்டாவது யாருன்னு ஞாபகம் இருக்கா? பாத்தீங்களா. ரெண்டாவது வந்தவளை யாருக்கு ஞாபகம் இருக்கும். நான்தான்க்கா அது. பச்சைப் பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு, பக்கத்துல நின்னு கை தட்டிக்கிட்டு இருந்தேனே. தட்டித்தானே ஆகணும், கேமரா நம்ம மூஞ்சி மேலதான் நிக்கும்.

கடைசிச் சுத்துக்கு நான் ஒரு பாட்டு எடுத்து வெச்சிருந்தேன். அதே பாட்டை அவளும் எடுத்திருந்தா. சீட்டுக் குலுக்கினாங்க, அவளுக்கு விழுந்துச்சு. நான் வேற பாட்டுக்கு மாறிப் பாடினேன். அவ பாடினப்ப ஒரு ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சாரு. நான் பாடினப்ப அதே ஜட்ஜ் தண்ணி குடிச்சாரு. அந்தத் தண்ணி பாட்டிலை இன்னிக்கும் என்னால மறக்க முடியலைக்கா.

எங்க ஊர் காசிமேடு. அப்பா கடலுக்குப் போறவர். சின்ன வயசுலேர்ந்து நான் சர்ச் கொயர்லதான் பாடினேன். அவ திண்டிவனம், அவங்கப்பா நாதஸ்வரம் வாசிக்கறவர். ‘ஜெசிந்தா குரல் பெரிய குரல், ஆனா சர்ச்சுக்குள்ள நிக்கற மாதிரியே பாடறா’ன்னு ஒரு பேட்டியில சொன்னா அந்த மகராசி. எங்க தெருவே கொதிச்சுப் போச்சு. நான் பதிலுக்கு, ‘நாதஸ்வரக்காரர் பொண்ணுல்ல, அதான் கல்யாண மண்டபத்துக்கு வெளியிலயும் கேக்கற மாதிரி கத்தறா’ன்னேன். அதையும் டிவியில போட்டுட்டாங்க. அப்புறம் என்ன, அவ ரசிகருங்களும் என் ரசிகருங்களும் கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு ரசிகருங்க கொஞ்சம் பேர்தான். அதுல பாதி என் சித்தப்பா பசங்க.

போட்டி முடிஞ்சதும் சார் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. ஆல்பம் பாட்டா போட்டுத் தள்ளுறாரே, அந்த மியூசிக் டைரக்டரேதான். பேரு வேணாம், விடுங்க. அவளைப் பாடக் கூப்பிட்டாரு. என்னை ட்ராக் பாடக் கூப்பிட்டாரு.

ட்ராக்னா என்னன்னா, பாட்டு எப்படி வரும்னு பாக்கறதுக்கு முதல்ல ஒருத்தர் பாடி வைப்பாங்க. அப்புறம் பெரிய பாடகி வந்து, ஹெட்ஃபோன்ல அதைக் கேட்டுக்கிட்டு அதே மாதிரி பாடுவாங்க. அவங்க பாடி முடிச்சதும் நம்ம குரலை அதுலேர்ந்து எடுத்துருவாங்க. வீடு கட்டறப்ப சாரம் கட்டி அப்புறம் பிரிக்கறாங்கல்ல, அது மாதிரி. ரெண்டு வருஷம் நான் அவளுக்குச் சாரம் கட்டினேன்.

எந்த இடத்துல இழுக்கணும், எந்த இடத்துல மெல்லமா விடணும், எல்லாம் நான் போட்டு வெச்சது. அவ வருவா, கேப்பா, பாடுவா, போவா. ஒரே கண்ணாடி முன்னாடி நின்னு முகம் கழுவுவோம். பேச மாட்டோம். நான் குழாயை மூடினதுக்கு அப்புறம்தான் அவ திறப்பா. அவ துண்டு கீழ விழுந்தா நான் தாண்டிப் போவேன்.

ஒரு தடவை சார் எங்க ரெண்டு பேரையும் வெச்சு டூயட் போடலாம்னாரு. இவ என்ன சொன்னா தெரியுமா? ‘வேணாம் சார், அவ பக்கத்துல நின்னா என் குரல் சின்னதாத் தெரியும்’னாளாம். சவுண்டு இன்ஜினியர் சம்பத் அண்ணன் என்கிட்ட வந்து சொன்னாரு. என்ன திமிரு பாருங்க. கூட நின்னு பாடக்கூட நான் லாயக்கு இல்லையாம்.

நீங்க ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? அதுக்கு வேற என்ன அர்த்தம்?

சரி விடுங்க. இந்தப் பாட்டுக்கு வரேன். இதுக்கும் நான்தான் ட்ராக் பாடினேன். மெட்டைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது ஊரெல்லாம் போகும்னு. என் குரலுக்குன்னே செஞ்ச மாதிரி கீழ் சுருதியில ஆரம்பிக்குது. பாடிக்கிட்டே இருக்கேன், நாளைக்கு அவ வந்து இதை வாங்கிட்டுப் போயிருவாளேன்னு நினைச்சேன் பாருங்க, ஹம்மிங் கடைசியில தொண்டை அடைச்சுக்கிச்சு. ஒரு நொடிதான். சமாளிச்சு இறக்கிட்டேன். இன்னொரு தடவை எடுக்கலாமான்னு கேட்டேன். ‘ட்ராக்குதானேம்மா, போதும்’னுட்டாரு சம்பத் அண்ணன்.

மறுநாள் அவ வந்து பாட்டை மட்டும் பாடியிருக்கா. ஹம்மிங்கை இன்னொரு நாள் பாடிக்கலாம்னு விட்டிருக்காங்க. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அவசரம், பாட்டை வெளியிடணும். எல்லாத்தையும் சேர்த்து முடிக்கறப்ப என் குரலை அந்த இடத்துல எடுக்க மறந்துட்டாங்க. கீழ் சுருதியில ரெண்டு பேர் குரலும் கொஞ்சம் ஒட்டும், யாருக்கும் வித்தியாசம் தெரியலை.

எங்கம்மாவுக்குத் தெரிஞ்சது. மீன் கழுவிக்கிட்டு இருந்தவங்க ரேடியோவுல இது வந்ததும், ‘ஏய், நீ பாடுறடி’ன்னாங்க. நான் ஓடி வந்து கேட்டேன். ஆமா, நான்தான். அப்புறம் முதல் வரி வந்துச்சு, அது அவ.

அந்த ஹம்மிங்காலதான் பாட்டு ஓடுச்சு. என்னமா ஏக்கம், என்னமா காதல்னு யூடியூப்ல கீழ எழுதறாங்க. தோத்துப்போன காதலை அனுபவிச்சவங்களாலதான் இப்படிப் பாட முடியும்னு ஒருத்தர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. காதலா? வயித்தெரிச்சல்க்கா அது. சுத்தமான வயித்தெரிச்சல். அதைக் கேட்டுட்டு ஊரே அழுவுது.

சம்பத் அண்ணன்கிட்ட போய்க் கேட்டேன். அவருக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. ‘வெளிய சொல்லாதேம்மா, என் வேலை போயிரும்’னாரு. சார்கிட்ட போனேன். ‘ட்ராக் பாடறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க’ன்னு சிரிச்சாரு. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? என் குரலு எல்லாக் கடையிலயும் எல்லா ஆட்டோவுலயும் பாடுது, நான் அதைக் கேட்டுக்கிட்டே நடந்து போறேன். கல்யாண வீட்டுல ஒரு அம்மா என்கிட்டயே, ‘நிரஞ்சனா மாதிரி ஒரு ஹம்மிங் குடும்மா’ன்னாங்க.

அப்புறம் அந்தப் பெரிய மேடை. நந்தனத்துல நடந்துச்சு. சார் கச்சேரி. அவ முன்னாடி பளபளன்னு நிக்கறா, நான் பின்னாடி கோரஸ் வரிசையில நிக்கறேன். இந்தப் பாட்டு வந்துச்சு. ஹம்மிங்குக்குக் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அவ ஆரம்பிச்சா. நல்லாத்தான் பாடினா. ஆனா அந்த இடம் வரலை. வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, சொல்றதுக்கு என்ன.

கூட்டம் இன்னொரு தடவைன்னு கத்துச்சு. அவ திரும்பவும் பாடினா, திரும்பவும் வரலை. அப்ப அவ வாத்தியக்காரங்களைப் பாத்துக் கையைக் காட்டி நிறுத்தினா. மைக்கைப் பிடிச்சு, ‘மன்னிச்சுக்குங்க, இது எனக்கு வராது. ஏன்னா இதைப் பாடினது நான் இல்லை. பாடினவ பின்னாடி நிக்கறா, அவ பேரு ஜெசிந்தா’ன்னுட்டா.

அவளே வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் முன்னாடி நிறுத்தினா. அவ கை சில்லுனு இருந்துச்சு. ஏசி எல்லாம் இல்லை அங்க. ஏன் அப்படியோ.

நான் பாடினேன். எனக்கும் அந்த இடம் வரலைக்கா. முழு ஹம்மிங்கும் வந்துச்சு, அந்த அடைப்பு மட்டும் வரலை. மைக் சரியில்லை. அன்னிக்கு அந்த மைக்குல ஏதோ கோளாறு.

கூட்டம் எழுந்து நின்னு தட்டுச்சு. யாருக்குத் தட்டுச்சுன்னு நினைக்கறீங்க? எனக்கா? ‘நிரஞ்சனாவுக்கு எவ்வளவு பெரிய மனசு’ன்னு தட்டுச்சு. மறுநாள் பேப்பர்ல அவ போட்டோ. எல்லா இடத்துலயும் அதே பேச்சு, இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணான்னு. பாடினது நான், பேரு அவளுக்கு. சரி, அது தப்பா நடந்தது. உண்மையைச் சொன்னதுக்கும் பேரு அவளுக்குத்தானா? என் குரலையும் எடுத்துக்கிட்டா, நல்லவங்கற பேரையும் எடுத்துக்கிட்டா. எனக்குன்னு எதையாச்சும் விட்டு வைக்க வேணாமா?

அதுக்கப்புறம் அவளை யாரும் பாடக் கூப்பிடலை. சார் முகத்துல எல்லார் முன்னாடியும் கரி பூசிட்டாளாம். அவர் கூப்பிடலைன்னா மத்தவங்களும் கூப்பிட மாட்டாங்க, அப்படித்தான் இது. அவகிட்ட கேட்டா, கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கறேன்னு சொன்னா. நல்லா ஓய்வு எடுக்கறா. வளசரவாக்கத்துல இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டுத் திண்டிவனத்துக்கே போயிட்டா. கொடுத்து வெச்சவ, அப்பா அம்மாகூட நிம்மதியா இருக்கா.

என்னைத்தான் சார் கூப்பிட ஆரம்பிச்சாரு. கூட்டத்துக்கு என் பேரு தெரிஞ்சு போச்சுல்ல.

மேடை முடிஞ்ச அந்த ஞாயித்துக்கிழமையே காசிமேட்டுக்கு வந்து நிக்கறாக்கா. கேட்டுக்கிட்டு, விசாரிச்சுக்கிட்டு, எங்க வீட்டு வாசல்ல. ‘அந்த இடத்துல எங்க மூச்சு எடுக்கறே, சொல்லிக்கொடு’ன்னா. நான் கதவுல கையை வெச்சுக்கிட்டு நிக்கறேன். ‘மூச்செல்லாம் இல்லை. உன்மேல இருந்த வயித்தெரிச்சல். உனக்கு வராது, போ’ன்னேன். அதுக்கு அவ சொல்றா, ‘வயித்தெரிச்சல் எனக்கா வராது? கடைசிச் சுத்துல நீ பாடினதைக் கேட்டதுலேர்ந்து நான் தூங்கலைடி. அந்தப் பேட்டியில பின்ன ஏன் அப்படிச் சொன்னேன்?’

நான் என்ன பண்றது. உள்ள வான்னு சொல்லிட்டேன்.

அதுதான் தப்பாப் போச்சு. எங்கம்மா அவளுக்கு இலை போட்டு, வஞ்சிரம் நடுத்துண்டை அவளுக்கு வெச்சாங்க. எனக்கு வால். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். அவ வர்றான்னா எங்கப்பா நல்ல மீனை ஏலத்துக்கு விடாம எடுத்து வெச்சுருவாரு. நான் பொறந்த வீடுக்கா அது. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஞாயித்துக்கிழமை பூசைக்கு என் இடத்துல அவ போய்ப் பாடினா. ஒரு வாரத்துல பாட்டெல்லாம் கத்துக்கிட்டு, நெத்தியில குங்குமத்தோட கொயர்ல நின்னு பாடியிருக்கா. ஃபாதர் இப்பவும் என்னைப் பாத்தா, ‘அந்தப் பொண்ணு எப்ப வரும்?’னுதான் கேக்கறாரு. நான் எத்தனை வருஷமா பாடறேன், எனக்கு உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

பொழுதன்னிக்கும் சண்டைதான். என் கிளிப்பைத் தலையில மாட்டிக்கிட்டுப் போயிருவா. நான் போன்ல பாடிக் காட்டினா, ‘அந்த இடத்துல சுருதி லேசா இறங்குது’ம்பா. இறங்கியிருக்கும், அது வேற விஷயம். சொல்லணுமா? ஒரு நாள் போன் பண்ணலைன்னா எனக்கு வேலை ஓடாது. ஃப்ரெண்டெல்லாம் ஒண்ணும் இல்லைக்கா. எதிரி என்ன பண்றான்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்ல, அதுக்குத்தான்.

இப்ப எனக்கு ஒரு பாட்டு வந்திருக்கு. முழுப் பாட்டு. தனியா. எந்தப் பாட்டுக்காக இத்தனை வருஷம் ஏங்கினேனோ, அது. ‘பாடியவர் ஜெசிந்தா’ன்னு போட்டு இன்னிக்குச் சாயங்காலம் திருச்சியில ஒரு காலேஜ் விழாவுல வெளியிடறாங்க. அதுக்குத்தான் போறேன். சார் கார்ல வரச் சொன்னாரு. அதுல கோரஸ் பொண்ணுக்கு இடமில்லைன்னுட்டாங்க. அதுக்காக நான் பஸ்ல வரலை. எனக்குக் கார் ஏசி ஒத்துக்காது, தொண்டை கட்டிக்கும்.

ஆமா, அவதான் கோரஸ். தனிப் பாட்டுத்தான் அவளுக்குத் தர மாட்டாரு, பின்னாடி நிக்கறவளை சார் கண்டுக்க மாட்டாரு. உள்ளூர்லயே ஆள் பாத்துக்கலாம்னாங்க. நான்தான் முடியாதுன்னேன். அவ பின்னாடி நின்னாத்தான் எனக்குச் சுருதி நிக்கும்.

அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களைத் திரும்பப் பாக்கப் போறதில்லை, அதனால சொல்றேன்.

ரெக்கார்டிங் அன்னிக்கு ஸ்டுடியோவுக்குப் போய் ஹெட்ஃபோனை மாட்டினேன். ட்ராக் ஓடுது. முதல் வரி வந்துச்சு. அவ குரல். சம்பத் அண்ணன் கூப்பிட்டாராம், திண்டிவனத்துலேர்ந்து வந்து எனக்கு ட்ராக் பாடி வெச்சுட்டுப் போயிருக்கா, என்கிட்ட மூச்சு விடலை. அப்படியே வெளிய வந்து போன் போட்டேன். ‘ஏண்டி சொல்லலை?’ ‘சொன்னா நீ பாட மாட்டேன்னு வந்திருப்பே. போய்ப் பாடு, ரெண்டாவது சரணத்துல மேல போறப்ப பயப்படாதே’ன்னா. எனக்குப் புத்தி சொல்றா.

உள்ள போனேன். முழுசும் பாடினேன். நல்லா வந்துச்சு. ரெண்டாவது சரணத்துல மட்டும் ஒரு இடம். அவ ட்ராக்ல அங்க ஒரு சிரிப்பு இருக்குக்கா. வெளிய தெரியற சிரிப்பு இல்லை. பாடிக்கிட்டே உதடு விரிஞ்சா குரல்ல ஒரு வெளிச்சம் வருமே, அது. நான் பாடிப் பாக்கறேன், வரலை. திரும்பப் பாடறேன், வரலை. சம்பத் அண்ணன், ‘நல்லாத்தானேம்மா இருக்கு’ங்கறாரு. நல்லாத்தான் இருக்கு. அந்தச் சிரிப்பு இல்லை.

யோசிச்சுப் பாருங்க. அது என் பாட்டுன்னு தெரிஞ்சுதான் பாடியிருக்கா. தன் குரலை எடுத்துருவாங்கன்னு தெரியும். நான் அதே இடத்துல நின்னு பாடினப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது. அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கு. எப்படி வரும்? ஒருத்திக்கு அது எப்படி வரும்? இவ்வளவு பெரிய பொறாமை எனக்கு அவ முதல் பரிசு வாங்கினப்பகூட வரலைக்கா.

சம்பத் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அந்த இடத்துல என் குரலை எடுத்துட்டு அவளோடதையே வெச்சுருங்கன்னு. ‘சாருக்குத் தெரிஞ்சா?’ன்னாரு. ‘முடிக்கறப்ப எடுக்க மறந்துட்டோம்னு சொல்லிக்கலாம். நடக்காததா?’ன்னேன். அவர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்து செஞ்சு கொடுத்துட்டாரு.

சாருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. என் முதல் பாட்டு, அதுல ஒரு வரி என்னோடது இல்லை. எனக்கே இது பைத்தியக்காரத்தனமாத்தான் தெரியுது.

சாயங்காலம் மேடையில பாடறப்ப அந்த இடம் எனக்கு வராது. பாட்டை முதல்ல போட்டுக் காட்டிட்டுத்தான் பாடச் சொல்வாங்க, கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியும். அப்ப நான் கையைக் காட்டி நிறுத்தப் போறேன். மைக்கைப் பிடிச்சு, இதைப் பாடினவ பின்னாடி நிக்கறான்னு சொல்லப் போறேன். சார் முன்வரிசையிலதான் இருப்பாரு. கூப்பிட மாட்டாரு அப்புறம், தெரியும். அவளைக் கூப்பிடாத மாதிரி என்னையும் கூப்பிட மாட்டாரு. இருந்தாலும் அன்னிக்கு அவளுக்கு எழுந்து நின்னு தட்டினாங்களே, அப்படி எனக்கும் ஒரு தடவை தட்டட்டுமே. அவளுக்கு மட்டும்தான் பெரிய மனசா?

திண்டிவனம் வந்துடுச்சா? அண்ணே, இங்க ஒரு ஆள் ஏறணும், எடுத்துறாதீங்க. அதோ நிக்கறா பாருங்க, மஞ்சள் சுடிதார். மஞ்சள் போடாதே, மேடையில என்னைவிட உன்னைத்தான் பாப்பாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். போட்டுக்கிட்டு வந்திருக்கா. நல்லாத்தான் இருக்கு சனியனுக்கு.

அக்கா, நான் சொன்னது எதுவும் உங்களுக்குத் தெரியாது, சரியா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கோங்க.

வாடி. எவ்வளவு நேரம் ஆளுங்களை விரட்டறது. பையை மேல வை. உனக்காக ஒண்ணும் இடம் பிடிக்கலை, பக்கத்துல யாரும் உக்காரலை, அவ்வளவுதான். இது யாரா? யாரோ ஒரு அக்கா, பாவம், தூங்கறாங்க. என் பாட்டு முடிச்சுக் கொடுத்துட்டாங்க, கேக்கறியா? இந்தா, ஒரு காதுல நீ மாட்டு, ஒரு காதுல நான் மாட்டிக்கறேன். குறை சொல்லாம கேளு. ரெண்டாவது சரணம் முடியற வரைக்கும் என் மூஞ்சியைப் பாக்காதே.